ஜீப்பும் வேனும் வாசலில் நின்ற வாரம்

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. ஜீப்பா, வேனா? சோற்றில் கை வைத்தால் ஜீப், கை கழுவினால் வேன். எனக்கு எது வந்தாலும் ஒன்றுதான். அதை ஓட்டப் போகிறவர்தான் என் கவலை. ஓட்டப் போகிறவர் என் வீட்டுக்காரர். அவருக்கு வலிப்பு இருந்தது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது போய்விட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலை ஒட்டித் தருமபுரத்தில் வீடு, திருநள்ளாற்றில் மாமனாருக்கு ஒரு லாட்ஜ். மாமனார், மாமியார், நாங்கள், எங்கள் இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி மக்கள் என்று ஒரு பட்டாளம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால் வாடகைக் கார் இரண்டு வேண்டும். அதிலும் யார் எதில் ஏறுவது என்று தெருவே கேட்கிற மாதிரி சண்டை நடக்கும். எல்லாரும் ஒன்றாகப் போக ஒரு பெரிய வண்டி வேண்டும் என்பது மாமனாரின் வெகுநாள் ஆசை. லாட்ஜுக்கு வருகிறவர்களை மாயவரம் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரவும் ஆகும் என்பார்.

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் என் பிறந்த வீட்டாரிடம் அவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை, கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கை கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரேறி எட்டிப் பார்த்தார்கள். மாமியார் மட்டும் பதறவே இல்லை. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்ல, பித்தம்" என்றார். பித்தமாம்! பித்தத்துக்கு யாராவது இரும்பைக் கையில் கொடுப்பார்களா? பெண் பார்க்க வந்த அன்று காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்ல வாய் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வாய் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஜோசியர் சிம்ம ராசிக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்றார். மாத்திரையும் பரிகாரமும் சேர்ந்தே நடந்தன. வலிப்பு அடங்கியது. வருஷக்கணக்கில் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் சனிப்பெயர்ச்சி வந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் திருநள்ளாற்றில் வந்து குவிந்தார்கள். எங்கள் லாட்ஜில் மாடிப்படியில்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக என் வீட்டுக்காரரையும் நளன் குளத்துக்குக் கூட்டிப் போனோம். தலையில் நல்லெண்ணெய் வைத்து முழுக்காட்டி, உடுத்தியிருந்த வேட்டி சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, புது வேட்டியில் அழைத்து வந்தோம். ஏழரை முடிந்தது.

அன்று சாயங்காலமே மாமியார் மாத்திரையை எல்லாம் வாரிக் குப்பையில் போட்டார்.

"சனியே விட்டுட்டுப் போயிட்டாரு. இனிமே மாத்திரை எதுக்கு? வேட்டியை விட்டுட்டு மருந்தை மட்டும் புடிச்சிக்கிட்டிருந்தா சாமிக்கு என்னா மரியாதை?"

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமே அத்தை."

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் வாய் நீளுது."

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். எந்தச் சாமியும் மாத்திரை சாப்பிடாதே என்று என் காதில் வந்து சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் மாமியார் சொன்னால் சொன்னதுதான்.

பழையபடி விழுந்து இழுத்துக்கொண்டிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். இது வேறு மாதிரி வந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், கை பாதி வழியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் கேட்காது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த கவளத்தை எடுப்பார். முதல் தடவை பார்த்ததுமே கேட்டேன்.

"என்னங்க, என்னா ஆச்சு?"

"என்னா ஆச்சு? ஒண்ணும் ஆவலியே. ரசம் ஊத்து."

"அப்படியே நின்னுட்டீங்களே, கூப்பிடக் கூப்பிட."

"ஏதாச்சும் யோசிச்சிக்கிட்டு இருந்திருப்பேன். நீ ஒண்ணு!"

மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் போகலாம் என்று மறுபடி மறுபடி கெஞ்சினேன். ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பதான் எல்லாரும் என்னை மனுசனா மதிக்கிறாங்க. அப்பா லாட்ஜைப் பாத்துக்கன்னு விட்டிருக்காரு. அது உனக்குப் பொறுக்கலையா?" என்றார். மாமியாரிடம் சொன்னேன். "அவன் யோசனைக்காரன், சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்பே அவர் லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஏழரை நடந்தவரை யாரும் அவரை ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. இப்போது மாமனாருக்கு ஒரே துடிப்பு. "மூத்தவன் ஓட்டணும், குடும்பம் பூரா பின்னாடி உக்காந்து போவணும். ஊரு பாக்கணும்" என்றார். அந்தத் துடிப்பில்தான் இரண்டு வண்டியும் வந்தன. இரண்டுமே ஏற்கெனவே ஓடிய வண்டிகள். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தரகர் வாசலில் விட்டுப் போனார்.

ஜீப் நீளமானது. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, மேலே தார்ப்பாய். ஸ்டியரிங் இடது பக்கம். அந்தக் காலத்து ஜீப்புகள் பலதும் அப்படித்தான். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "வரலாம்" என்று சொன்னால்தான் தாண்ட முடியும். வேன் அப்படி இல்லை. கதவு சாத்திக்கொள்ளும், ஜன்னலுக்குத் திரை, எல்லாரும் முன்னால் பார்த்து உட்காரலாம். முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே இன்ஜின், அதன் மேல் பெரிய மூடி. டிரைவருக்குப் பின்னால் கம்பித் தடுப்பு.

மாமனார் ஜீப் கட்சி. மழை பெய்தால் வயல்காட்டு ரோட்டில் அதுதான் போகும், வேன் புதைந்துவிடும் என்றார். மாமியார் வேன் கட்சி.

"ஜீப்புல பின்பக்கமா ஏறணும். நாலு ஆம்பளை பாக்கப் புடவையைத் தூக்கிக்கிட்டு ஏறச் சொல்றீங்களா? இந்த வயசுல?"

"உன்னை எவன் பாக்கப் போறான்?" என்றார் மாமனார்.

"பாக்க மாட்டான்ல? அப்ப நீங்களே ஏறிக்கிட்டுப் போங்க."

கொழுந்தனாரும் வேன் பக்கம். அதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமானது. ஜீப்புக்குக் காரைக்கால் நம்பர். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். காரைக்கால் நம்பரைக் கண்டாலே செக்போஸ்டில் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் பாண்டிச்சேரி சாராய பாட்டில் இருக்கிறதா என்று தேடுவார்கள். வேனுக்கு நாகப்பட்டினத்துப் பக்கத்து நம்பர். "குலதெய்வம் கோயிலுக்குப் போறப்ப அம்மாவை எறக்கி வச்சி பாட்டில் தேடுனா நல்லாவா இருக்கும்?" என்றார். மாமியார் அந்தக் காட்சியை நினைத்தே தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு வேறு கணக்கு. மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு இரண்டு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வேனில் எங்கே உட்கார்ந்தாலும் அவரை எட்ட முடியவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து கை நீட்டினால் இன்ஜின் மூடி தடுத்தது. பின்னாலிருந்து நீட்டினால் கம்பி தடுத்தது. ஜீப்பில் அப்படியில்லை. சாவி நட்டநடுவில். வலப்பக்க சீட்டிலிருந்து கையை நீட்டினால் போதும், திருகி அணைத்துவிடலாம். அதுவும் அந்த வண்டியை யாரும் தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தே தீர வேண்டும். அந்த ஆள் நானாக இருந்துவிட்டால்?

முதலில் நேர்வழியில் கேட்டுப் பார்த்தேன். "டிரைவர் ஒருத்தரைப் போட்டுக்கலாமே மாமா" என்றேன். "வீட்டுல ஆம்பளை இருக்கறப்ப கூலிக்கு டிரைவரா?" என்றார். அதோடு சரி. பிறகு நானும் ஜீப் கட்சியில் சேர்ந்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புடவையைத் தூக்கிக்கிட்டு ஏறணும்னு உனக்கும் ஆசை வந்துடுச்சா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

மறுநாள் ஜீப்பை ஓட்டிப் பார்க்கத் திருநள்ளாறு வரை கிளம்பினோம். மாமியாரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார். வலப்பக்க சீட்டு மாமனாருடையது. அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. "மாமா, எதுத்தாப்புல வர்றது உங்களுக்குத் தெரியாது. நான் பாத்துச் சொல்றேன்" என்று, அவர் யோசிப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மருமகள் முன்சீட்டில், மாமனார் பின்பெஞ்சில்! தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவர் நன்றாகத்தான் ஓட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை. நான்தான் ரோட்டைப் பார்ப்பதா, அவர் கட்டைவிரலைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தேன். எதிரே வரும் வண்டியைச் சொல்ல வேண்டும், அவர் கண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வயல். நடுவில் ஓரிடத்தில் முன்னால் ஒரு பஸ் ஆள் இறக்க நின்றது. "வரலாங்க" என்றேன். அவர் தாண்டவில்லை. பஸ்ஸின் பின்புறம் நெருங்கிக்கொண்டே வந்தது. மறுபடி "வரலாங்க" என்றேன். பதில் இல்லை. கையை நீட்டிச் சாவியைத் திருகிவிட்டேன். ஜீப் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள்.

"ஏன் அணைச்சே?" என்றார் அவர். "பஸ்சுலேருந்து ஆளு எறங்குது. நிறுத்தத்தானே போனேன்?"

வந்ததா, வரவில்லையா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாந்தி வருது" என்று சொல்லி இறங்கி, ரோட்டோரம் குனிந்து நின்றேன்.

திரும்பி ஏறியபோது மாமியார் முகம் மாறியிருந்தது. அப்படி ஒரு சிரிப்பு. விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். "எத்தனை நாளாச்சி?" என்று காதோடு கேட்டார். அடக் கடவுளே, நான் முழுகாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்! இல்லை என்றால் ஏன் சாவியைத் திருகினாய் என்று கேட்பார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நாம் ஒன்று நினைக்க, தெய்வம் ஒன்று நினைக்கும் என்பார்களே, அதுதான் நடந்தது. அன்று சாயங்காலமே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"புள்ளத்தாச்சியை அந்தக் குலுக்கு வண்டியில ஏத்துவீங்களா? வேனுதான். இதுக்கு மேல பேச்சு கெடையாது."

மாமனார் தரகருக்கு ஆள் அனுப்பினார். தரகர் வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று அது தெரு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் எனக்கு மட்டும் தனியாக மாவடு வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ராச்சாப்பாட்டில் அவருக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை. ரசக் கிண்ணத்தைத் தூக்கியவர் அப்படியே நின்றார். ரசம் வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. சுடச்சுட ரசம். அவருக்கு உறைக்கவில்லை. நான் ஓடிப் போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினேன். பிறகு குனிந்து வேட்டியைப் பார்த்துவிட்டு, "பாத்து ஊத்தக்கூடாதா?" என்று என்னைத்தான் திட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை வேனுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாகூர்ப் பக்கம் இருக்கிற குலதெய்வம் கோயிலுக்கு முதல் பயணம். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தின ராத்திரியெல்லாம் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்தான் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அது எவ்வளவு தாழ்வு என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மாமனார் முன்சீட்டில் ஏறினார். கொழுந்தனாரும் ஓரகத்தியும் அவர்கள் பிள்ளைகளும் நடுவில். மாமியார் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்து, "குலுங்காம உக்காரு" என்றார். என் பிள்ளைகள் இரண்டும் எனக்கு இரண்டு பக்கமும். அவர் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைப் போட்டார். இன்ஜின் உறுமியது.

"நிறுத்துங்க."

நான்தான் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ இருந்தது. பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா என்னாடி இது?" என்றார் மாமியார்.

"அவருக்கு இன்னும் வருது அத்தை. செவ்வாக்கிழமைகூட வந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மாமா, தயவு பண்ணி எல்லாரையும் எறக்குங்க."

"புள்ளத்தாச்சி, ஏதோ பயத்துல..." என்று ஆரம்பித்தார் மாமியார்.

"நான் முழுகாமலும் இல்ல, ஒண்ணும் இல்ல! வாந்தியும் பொய். பயம்தான் நெசம்."

தெருவில் வாசல்தோறும் தலைகள். மாமனார் முகம் கறுத்துவிட்டது. மகனைத் திரும்பிப் பார்த்து, "வந்துச்சாடா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றார் என் வீட்டுக்காரர். தடுமாறவே இல்லை. "எனக்கு ஒண்ணும் வரல."

"அப்ப எடு வண்டியை. வர்றவங்க வரட்டும்."

பாவி மனுஷா, இத்தனை பேரை வைத்துக்கொண்டு இப்படிப் பொய் சொல்கிறாயே என்று மனசுக்குள் கத்தினேன். ஓரகத்தி தன் சின்னப் பிள்ளையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். எழுந்திருக்கிற மாதிரி அசைந்தாள். புருஷன் ஏதோ சொன்னார், உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வேன் கிளம்பிவிட்டது.

வாசலில் நின்றேன். பிள்ளைகள் கோயிலுக்குப் போக வேண்டுமென்று அழுதன. மாரியாத்தா, காளியாத்தா என்று வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். வேன் தெருமுனைக்குப் போய் நின்றது. ரோட்டில் ஏதாவது வருகிறது, அதற்காக நிற்கிறது என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியும் அது திரும்பவில்லை. வந்துவிட்டது, ஐயோ, வந்துவிட்டது என்று பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். பாதித் தெரு ஓடியிருப்பேன், டிரைவர் பக்கக் கதவு திறந்தது. அவர் இறங்கினார்.

நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தார். பின்னால் மாமனாரும் இறங்கி, "டேய்! டேய்!" என்று கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் அடிக்கட்டும், வண்டியை விட்டு இறங்கினாரே, அது போதும் என்று நின்றேன்.

கிட்டே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நெசமாவே வந்துச்சா?" என்று கேட்டார். "செவ்வாக்கிழமை?"

"ஆமாங்க. ரசம் பூரா வேட்டியில கொட்டிச்சே. உங்களுக்குச் சுடக்கூட இல்லையே."

"எனக்குத் தெரியாது" என்றார். "அப்பா கேட்டப்ப நான் பொய் சொல்லல. நெசமா எனக்குத் தெரியாது. ரசத்தை நீதான் கொட்டுனேன்னு நெனச்சேன்."

மழுப்புகிறார், மறைக்கிறார் என்று நான் பொருமிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் எதையும் மறைக்கவே இல்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஐயோ, இந்த மனுஷனையா மனசுக்குள் அப்படித் திட்டினேன்?

"நீ புள்ளைங்களை இழுத்துக்கிட்டு எறங்குனியே, அப்ப உன் மொகத்தைப் பாத்தேன். அந்த மொகம் பொய் சொல்லாதுன்னு தோணிச்சி. தெருமுனைக்கு வந்ததும் காலு பிரேக்குக்குப் போயிடுச்சி. வாசல்லேருந்து அதுவரைக்கும் ஓட்டுனேனே, நடுவுல எனக்கு வந்துச்சா இல்லையா? எனக்கு எப்படித் தெரியும்? யாரைக் கேப்பேன்?"

மாமனார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவரிடம், "வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லுங்கப்பா. என்னால ஆவாது" என்றார். மாமனார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்ட வந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேனைப் பார்த்துத் திரும்பி நடந்தார். மாமியார் வேனிலிருந்து இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது தெரிந்தது.

இவர் நட்டநடுத் தெருவில், அத்தனை பேர் பார்க்க, என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படிப் பிடிக்கிறவர் இல்லை.

"எனக்கு பயமா இருக்கு" என்றார். "இப்ப உங்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்ல, நடுவுல எங்கயாச்சும் நின்னுட்டனா?"

"இல்லீங்க. நிக்கல."

"நல்லாப் பாத்தியா?" என்று திரும்பவும் கேட்டார்.